சுந்தர் நர்சரி: டெல்லிக்கு வந்தால் அரை நாள் இங்கே கொடுங்கள்

டெல்லிக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோர் கையிலும் ஒரே பட்டியல்தான். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், அக்ஷர்தாம், அப்புறம் நேரம் மிஞ்சினால் ஹுமாயூன் கல்லறை. அந்த ஹுமாயூன் கல்லறையை ஒட்டியே இருக்கும் சுந்தர் நர்சரியை இதுவரை ஒருவர்கூட தானாகக் கேட்டதில்லை. பெயரைச் சொன்னால், செடி வாங்கும் இடமா என்கிறார்கள். செடியும் வாங்கலாம், ஆனால் நான் அவர்களை இழுத்துக்கொண்டு போவது அதற்காக இல்லை. ஊருக்கு நடுவே 90 ஏக்கர் பூங்கா, அதற்குள் 15 பழைய கட்டடங்கள், பெரும்பாலும் முகலாயர் காலத்தவை, பழைய முறைப்படியே பொறுமையாகப் பழுது பார்க்கப்பட்டவை. பூங்காவுக்குள் சரித்திரச் சின்னங்கள் இருந்தால் அவற்றை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டும் முதல் இடம் இதுதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் புது டெல்லியைக் கட்டத் திட்டம் போட்டபோது, புதிய சாலைகளின் ஓரத்தில் எந்த மரம் பிடிக்கும், எது பிடிக்காது என்று வளர்த்துப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காக உருவானதுதான் இந்த நாற்றங்கால். வேறு தேசங்களிலிருந்து கொண்டுவந்த மரங்கள்கூட இங்கே வளர்த்துப் பார்க்கப்பட்டன. அந்த நிலத்தில் ஏற்கெனவே முகலாயர் காலத்துக் கல்லறைகளும் தோட்ட மண்டபங்களும் நின்றுகொண்டிருந்தன, மரங்கள் அவற்றைச் சுற்றி வளர்ந்தன, அவ்வளவுதான். பிறகு பல பத்தாண்டுகள் நாற்றங்கால் மட்டும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மிச்சப் பகுதி ஆள் போகாத புதராகிவிட்டது. உள்ளே கட்டடங்கள் இருக்கின்றன என்பதே டெல்லிக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

2007-இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, தொல்லியல் துறை, மத்திய பொதுப்பணித் துறை, மாநகராட்சி எல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஹுமாயூன் கல்லறை, அதற்கு எதிரே இருக்கும் நிஜாமுதீன் பஸ்தி என்ற பழைய குடியிருப்பு, இந்த நாற்றங்கால் மூன்றையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்வது என்று முடிவு. பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது 2018 பிப்ரவரி 21. அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் வெங்கையா நாயுடு திறந்துவைத்தார். இடையில் பத்து வருடத்துக்கு மேல் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான்கு மாதத்தில் நடைபாதை போட்டு, கலர் விளக்கு மாட்டி, செல்ஃபி பாயிண்ட் வைத்துத் திறப்பு விழா நடத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதுதான் இந்த இடத்தின் பெரிய பலம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுந்தர் புர்ஜ் என்ற முகலாயர் காலக் கல்லறை. நடைபாதையே அதைச் சுற்றி வளைந்துதான் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாக, சதுரமாக, மேலே ஒரு குவிமாடத்தோடு அடக்கமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் அதன் முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஏரிப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். கூரை முழுக்க நட்சத்திரங்கள். ஒரு மையத்திலிருந்து கோடுகள் கிளம்பி, ஒன்றை ஒன்று வெட்டி, நட்சத்திரமாகி, அடுத்த நட்சத்திரத்துக்குப் பாய்ந்து, குவிமாடத்தின் விளிம்பு வரை இறங்கி வருகின்றன. இது வெறும் வண்ணப் பூச்சு இல்லை. சாந்து ஈரமாக இருக்கும்போதே கூர்மையான கருவியால் கீறிச் செய்யும் வேலை. காய்ந்துவிட்டால் திருத்த முடியாது, கை நடுங்கினால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கண் பழகச் சில நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள், முதலில் வெள்ளையாக மட்டும் தெரியும், அப்புறம் ஒவ்வொரு கோடாக மேலே எழுந்து வரும்.

காரைக்குடியிலிருந்து என் பெரியப்பா வந்திருந்தபோது அவரை இங்கே கூட்டிப் போனேன். கட்டட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர், பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை எடுத்துச் செய்தவர். குதுப் மினாரில் அவர் அதிகம் பேசவில்லை. சுந்தர் புர்ஜுக்குள் நுழைந்ததும் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது சிமெண்ட் இல்லப்பா, சுண்ணாம்பு. நல்லா நீத்திருக்காங்க, அவசரப்படல" என்றார். என்ன சேர்ப்பார்கள் பெரியப்பா என்று கேட்டதும், கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று செட்டிநாட்டுப் பூச்சின் கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார். இங்கே வடக்கிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஹுமாயூன் கல்லறை வட்டாரத்தில் நடந்த வேலைகளில் சுண்ணாம்போடு வெல்லம், வில்வப் பழச் சதை, உளுந்து, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அதைச் சொன்னதும் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஊர் வேறு, மொழி வேறு, கொத்தனாருக்கு மட்டும் கொத்தனார் சொல்வது புரிந்துவிடுகிறது.

சுண்ணாம்பு விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், நம் நாட்டில் பழைய கட்டடங்கள் கெடுவதற்கு மழையும் ஆலமரமும் மட்டும் காரணம் இல்லை, நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டும் காரணம். பழைய செங்கல்லும் கல்லும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடுகிறது. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, அதோடு சேர்ந்து உப்பும். அந்த உப்பு பூத்துப் பூத்துக் கல்லின் முகத்தையே பெயர்த்து எடுத்துவிடும். பத்து வருடம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் சிமெண்ட் விழும்போது பழைய கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ஹுமாயூன் கல்லறையின் மேல்தளத்தில் மட்டும் 20-ஆம் நூற்றாண்டில் போட்டிருந்த சிமெண்ட் கான்கிரீட்டை சுமார் 10 லட்சம் கிலோ அகற்றினார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள், பாதுகாக்கிறோம் என்ற பெயரில் எவ்வளவு பாரத்தை அதன் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்று. நம் ஊர்க் கோயில்களில் கல்தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, கருங்கல்லை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சுந்தர் புர்ஜிலிருந்து நீளமாக ஒரு மைய நடைபாதை போகிறது. நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், பளிங்கு நீரூற்றுகள், இரண்டு பக்கமும் பூப்படுகைகள். இது முழுக்கப் புதிதாகச் செய்தது, பழையதைப் போல நடிக்கவில்லை, ஆனால் முகலாயத் தோட்டக் கணக்கை உள்வாங்கிக்கொண்டது. வடிவமைத்தவர் முகம்மது ஷாஹீர். திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை, 2015-இலேயே காலமாகிவிட்டார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, புதிய தோட்டம் பழைய கட்டடத்தை மறைக்காமல் அதை நோக்கி நம்மை நடத்திக்கொண்டு போவதுதான்.

சுந்தர்வாலா மஹால் பெயரில்தான் மாளிகை, உண்மையில் கல்லறை. நடுவில் ஓர் அறை, சுற்றி வளைவுகளோடு ஒரு தாழ்வாரம். பல வளைவுகள் இடிந்து விழுந்திருந்தன, அவற்றைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இப்படித் திரும்பக் கட்டுவது சரியா என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை உண்டு. இருப்பதை அப்படியே நிறுத்தி வை, புதிதாக எதையும் சேர்க்காதே என்பது ஒரு கட்சி. கட்டிய கைகளின் திறமை இன்னும் உயிரோடு இருக்கும்போது அதைப் பயன்படுத்தி முழுமையாக்கு என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வளைவின் மிச்ச பாதி நின்றுகொண்டிருக்கும்போது மறுபாதி எப்படி இருந்தது என்பதில் ஊகம் குறைவு. இடிந்ததை இடிந்தபடியே வைத்திருந்தால் அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு விழும். அதற்காகக் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் கட்டிவிடவும் இல்லை. சோட்டா பதாஷேவாலா என்ற எண்கோணக் கல்லறையின் குவிமாடம் எப்போதோ விழுந்துவிட்டது. அதை இடிபாடாகவே விட்டு, மிஞ்சியிருப்பதைக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். எங்கே கட்டுவது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக யோசித்திருப்பது தெரிகிறது.

அதன் பக்கத்திலேயே படா பதாஷேவாலா. இங்கே அடக்கமாகியிருப்பவர் யார் என்று தெரியும்: அக்பரின் மருமகன் மிர்ஸா முஸஃபர் உசேன், 1603-04. குவிமாடமே இல்லாமல் தட்டைக் கூரையோடு இருக்கும் முகலாயக் கல்லறை என்பதால் முதலில் கல்லறை என்றே தோன்றாது. லக்கர்வாலா புர்ஜ் உயரமான மேடையில் ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே நிற்கிறது, குளிர்காலக் காலையில் போனால் அந்தப் பக்கம்தான் கூட்டம். சுந்தர் புர்ஜ், சுந்தர்வாலா மஹால், லக்கர்வாலா புர்ஜ் மூன்றும் 2016-இல் ஹுமாயூன் கல்லறையின் உலகப் பாரம்பரியச் சின்ன எல்லைக்குள் சேர்க்கப்பட்டன.

லோதி தோட்டத்தையும் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் டெல்லித் தமிழர்கள் பலருக்குப் பூங்கா என்றால் அதுதான். லோதி ரோடு பள்ளியில் படித்தவர்களுக்கு அது வீட்டு முற்றம் மாதிரி. அங்கேயும் கிட்டத்தட்ட 90 ஏக்கர், அங்கேயும் பழைய கட்டடங்கள்: முகம்மது ஷா, சிக்கந்தர் லோதி கல்லறைகள், படா கும்பத், நீல ஓடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஷீஷ் கும்பத். 1936-இல் அங்கிருந்த கிராமத்தை அப்புறப்படுத்திவிட்டு வைஸ்ராயின் மனைவி லேடி வில்லிங்டன் பெயரில் அந்தப் பூங்காவைத் திறந்தார்கள். அதாவது கட்டடங்கள் தப்பின, அவற்றோடு வாழ்ந்த மக்கள் தப்பவில்லை. லோதி தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, சுந்தர் நர்சரிக்கு உண்டு. இதைப் பற்றி நண்பர்களோடு பலமுறை வாதம் வந்திருக்கிறது. பூங்கா என்றால் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது நியாயமான பேச்சு, எனக்கும் அதில் உடன்பாடுதான். அதே சமயம், இந்த அளவு வேலைப்பாட்டை வருடா வருடம் காப்பாற்றப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும், அதுவும் உண்மை. பக்கத்துப் பஸ்தி மக்களுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் டிக்கெட் ஒரு தடையாக இருக்கவே கூடாது என்பது மட்டும் என் உறுதியான கருத்து. அவர்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்.

பஸ்தி என்றதும் இன்னொன்று. இதே திட்டத்தின் கீழ் நிஜாமுதீன் பஸ்தியில் பெண்களுக்கான கைவினைக் குழு ஒன்றும் சமையல் குழு ஒன்றும் உருவாயின. இன்ஷா-இ-நூர், ஸாய்க்கா-இ-நிஜாமுதீன் என்று பெயர். பழைய ஜாலி, அதாவது கல்லில் சல்லடை போலத் துளையிட்ட வேலைப்பாட்டின் வடிவங்கள் அவர்கள் கையில் காகிதத்திலும் துணியிலும் வெட்டப்பட்டு விற்பனைப் பொருளாகின்றன. ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றினால், வாசலில் விற்கும் பிளாஸ்டிக் தாஜ்மஹாலை விட்டுவிட்டு இவர்களுடையதைத் தேடி வாங்குங்கள்.

சுந்தர் நர்சரி இல்லாவிட்டால் இந்தக் கட்டடங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். டிஃபென்ஸ் காலனியில் ஷேக் அலி கி கும்டி என்று லோதி காலத்துக் கல்லறை ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரக் குடியிருப்போர் சங்கம் 1960-களிலிருந்து அதை அலுவலகமாக வைத்துக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. யாரும் வந்து பார்க்காத சின்னம் மெல்ல மெல்ல யாரோ ஒருவருடைய சொத்தாகிவிடும். தினம் ஆயிரம் பேர் கண்ணில் படும் இடத்தில் யாரும் பூட்டுப் போட முடியாது. அதனால்தான் நல்ல புல்வெளி, நல்ல கழிப்பறை, குழந்தைகள் ஓட இடம், உட்கார பெஞ்ச் இவையெல்லாம் பாதுகாப்பு வேலையின் பகுதிதான் என்று நான் நினைக்கிறேன். கல்லறை பார்க்க வாருங்கள் என்றால் பத்துப் பேர் வருவார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள் என்றால் ஊரே வரும், வந்தவர்களில் பாதிப் பேராவது கட்டடத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள்.

இங்கேதான் எனக்கு ஓர் ஆசை பாக்கி. வருகிறவர்கள் நிறையப் பேர், கதையோடு திரும்புகிறவர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் கோஷ்டிகள் ஜாலி ஜன்னலில் சாய்ந்து நிற்கின்றன, லெஹங்காவின் ஜரிகை கல்லில் உரசுகிறது, எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. திட்டிப் பயன் இல்லை, யாராவது சொன்னால் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் பக்கத்திலும் ஒரு கல்லூரி மாணவரை உட்கார வைத்து, கேட்பவர்களுக்குப் பத்து நிமிடம் கதை சொல்ல வைத்தால் போதும். அதைவிட நல்லது, இந்தப் பூச்சு வேலை செய்த மேஸ்திரிகளில் ஒருவரையே வரவழைத்து, ஒரு பலகையில் சாந்து பூசி நட்சத்திரம் கீறிக் காட்டச் சொல்வது. என் பெரியப்பா போன்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டார்கள். கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை என்பது முகலாயர் காலத்தோடு போகட்டும். இந்தக் காலத்தில் பழுது பார்த்தவர்களின் பெயரையாவது ஒவ்வொரு கட்டடத்தின் அருகிலும் கல்லில் வெட்டி வைக்க வேண்டும்.

மரங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவு வேண்டும். 300-க்கு மேற்பட்ட மர வகைகள். டெல்லியின் குன்றுப் பகுதி, ஆற்றங்கரை, சமவெளி, சதுப்பு நிலம் என நான்கு வகை நிலங்களின் செடிகொடிகளையும் ஒரு பகுதியில் வளர்த்திருக்கிறார்கள். மயில்கள் சாதாரணமாக நடந்து போகும். போன்சாய் கூடம் பெரியவர்களுக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை.

2024-இல் திறந்த ஹுமாயூன் அருங்காட்சியகமும் இப்போது இதோடு சேர்ந்துவிட்டது. சுந்தர் நர்சரிக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் நடுவே, பழைய படிக்கிணறுகளைப் போலப் பூமிக்குக் கீழே இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள், அதனால் மேலே எந்தக் கல்லறையின் பார்வையும் மறையவில்லை. உள்ளே எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, அந்தக் கலசத்தைப் பாருங்கள். 2014 மே 30 அன்று அடித்த புயலில் ஹுமாயூன் கல்லறையின் உச்சியிலிருந்து முறிந்து விழுந்த அசல் கலசம், 18 அடி, செம்புக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பொன்முலாம் பூசியது. கீழேயிருந்து பார்க்கும்போது ஒரு சின்ன முனையாகத் தெரிந்தது பக்கத்தில் நிற்கும்போது ஆளை மூன்று மடங்கு விழுங்குகிறது. கோபுரக் கலசங்களைத் தரையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஆச்சரியம் புரியும்.

போவதற்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், மே மாதத்தில் பகலில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். வயலட் லைன் மெட்ரோவில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சுலபம். ஞாயிறு நல்ல கூட்டம், வார நாள் காலை அருமை. வயதானவர்களைக் கூட்டிப் போனால் நடை அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதைகள் சமமாக இருப்பதால் சக்கர நாற்காலி ஓரளவு போகும், ஆனால் கல்லறைகளின் மேடைப் படிகள் உயரம். காலையில் சுந்தர் புர்ஜில் ஆரம்பித்து, பதாஷேவாலா பக்கம் போய்த் திரும்பி, வெயில் ஏறும்போது அருங்காட்சியகத்துக்குள் இறங்கிவிடுங்கள், சாயங்கால வெளிச்சத்தில் ஹுமாயூன் கல்லறைக்குப் போய்ச் சேரலாம். செங்கோட்டையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.